நின்ற ரயிலின் கீழே

ஆணிக்கு ஒரு தட்டு, காதுக்கு ஒரு பதில்.
ணங் என்றால் இறுக்கம்.
டொக் என்றால் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம்,
நோட்டில் ஓர் எண்.
பதினோரு ஆண்டாக இந்தப் பாலத்தோடு
எனக்கு இதுதான் பேச்சு.

எழுபது மீட்டர் கீழே கால்ஃபுகோ ஆறு
ஏப்ரல் மாத மெலிவோடு
கல்லுக்குக் கல் வழி கேட்டுப் போகிறது.
மூன்றாம் தூணின் தலைமாட்டில்,
விளிம்புக்குச் சற்று வெளியே,
வாரில் கட்டிய மூட்டையாய் நான்.
அடுத்த தூணில் கூரிமில்.
எங்களுக்குள் விசில்தான்:
ஒன்று, நலம். இரண்டு, வண்டி.
மூன்றுக்கு இன்னும் பொருள் வைக்கவில்லை.

பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த எஃகு இது.
துண்டுக்குத் துண்டு எண் குத்தியிருக்கிறது.
ஏழின் நடுவே ஒரு குறுக்குக்கோடு.
ஒன்று என்று யாரும் படித்துவிடக் கூடாதே என
எவனோ ஒருவன்
கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்காகக்
கவலைப்பட்டிருக்கிறான்.

காலையில் ஒரே ஒரு டொக்.
ஏழு என்று குத்திய விட்டத்தில், இடமிருந்து நான்காவது.
வட்டம் போட்டேன்.
அப்போது இரண்டு விசில்.

தெமூகோ போகும் பகல் வண்டி.
பாலத்தின் மேல் அது ஓடாது, நடக்கும்.
சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு
விட்டத்தில் கன்னத்தை வைத்தேன்.
நடுக்கம் முதலில் பல்லுக்கு வரும்,
பிறகுதான் காதுக்கு.
வந்தது.
என் தலைக்கு மேலே வந்தது.
நின்றது.

போகிற ரயிலின் கனம் வேறு,
நிற்கிற ரயிலின் கனம் வேறு.
போவது கைமாற்று,
ஒரு தூண் வாங்கி அடுத்த தூணிடம் தந்துவிடும்.
நிற்பது விருந்தாளி.
எப்போது எழுந்திருப்பீர்கள் என்று
கேட்கவா முடியும்?

முதலில் ஒரு முட்டை ஓடு வந்தது,
ஆடி ஆடி, அவசரமில்லாமல்.
மேலே ஃபிரெசியா கூவுகிறாள்.
அவித்த முட்டை, சாம்பலில் சுட்ட ரொட்டி.
இக்கரையில் ஏறி, ஐந்து பெட்டி ஓடி,
அக்கரையில் குதிக்கிறவள்.
இன்று ஒவ்வொருவரிடமும் உப்பு போதுமா என்று கேட்டாள்.

ஒருவர் செபமாலை சொன்னார்.
ஒருவர் இஞ்சினைத் திட்டினார், பிறகு அரசாங்கத்தை.
ஒரு பெண், "கீழே பார்க்காதே."
ஒரு குழந்தை, "கீழே ஒரு மாமா இருக்கார்."
"அங்கே யாரும் இருக்க முடியாது, கண்ணு."
"சாப்பிட்டாரான்னு கேளும்மா."

கையசைக்கலாமா?
அசைத்தால் அந்த அம்மா கத்துவாள்,
கத்தினால் பெட்டியே சன்னலுக்குச் சாயும்.
யாரும் இருக்க முடியாத இடத்தில்
மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன்.
அரை முட்டை ஒன்று,
மஞ்சள் கரு வானத்தைப் பார்க்க,
என்னை ஒரு கை தூரத்தில் தாண்டி
ஆற்றுக்குப் போயிற்று.

நாற்பது நிமிடம்.
சும்மா இருக்கத் தெரியாத கை
சுத்தியலை எடுத்தது.
வட்டம் போட்ட அதே ஆணி.
ணங்.
மறுபடி தட்டினேன். ணங்.
அத்தனை பேரின் எடையும், பெட்டியும், முட்டையும், செபமும்
தலையில் உட்கார்ந்ததும்
தளர்ந்தது இறுகியிருக்கிறது.

மேலே ஏதோ ஒரு கூச்சல், கைத்தட்டல்.
இழுப்பு முதலில் பல்லுக்கு வந்தது.
கடைசிப் பெட்டி தாண்டியதும் தட்டினேன்.
டொக்.

மேலாளர் ஓசாந்தோன் தந்த படிவத்தில்
இரண்டே கட்டம்: நன்று, பழுது.
இரண்டுக்கும் நடுவிலிருந்த கோட்டின் மேல்
"சுமை இருந்தால் இறுகுகிறது" என்று எழுதினேன்.
திட்டுவார். திட்டிவிட்டு மாற்றுவார்.
மாற்றத்தான் வேண்டும்.

காற்று திரும்பியது.
அடுத்த தூணிலிருந்து கூரிமில்
மூன்று முறை ஊதினான்.

நானும் மூன்று ஊதிவிட்டு
ஐந்தாவது ஆணிக்கு நகர்ந்தேன்.